பட்டனை அமுக்கச் சொன்ன லூர்துராஜ்

போன செவ்வாய்க்கிழமை காலை குன்னூர் மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது. லூர்துராஜின் மனைவி. எனக்குப் போன் பண்ணும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "டீச்சர், அவரு போயிட்டாருங்க. டூட்டிக்குக் கெளம்பி ஷூ மாட்டிட்டு இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு" என்றார். ஐம்பத்து மூன்று வயது. எனக்கு முதலில் தோன்றியது, வருகிற ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டரை யார் போடுவார்கள் என்பதுதான். அதை நினைத்து எனக்கே என்மீது கோபம் வந்தது. அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நம் திரைப்பட வட்டத்து நண்பர்களுக்கு லூர்துராஜைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். பிறந்தது கீழ் கோத்தகிரி. அப்பா, அம்மா இருவரும் எஸ்டேட் தொழிலாளர்கள். பணியிடம் அவலாஞ்சி அணைப் பக்கம். சில நாள் அங்கே குவார்ட்டர்ஸில் தங்கி வேலை, பிறகு சில நாள் குன்னூரில் குடும்பத்தோடு. மழைக்காலத்து அவலாஞ்சியில் மனிதருக்குத் துணை மழையும் அட்டைப்பூச்சியும்தான். டூட்டி முடிந்ததும் மற்றவர்கள் சீட்டாடினார்கள். இவர் கம்ப்யூட்டரில் வீடியோ கேம் ஆடினார்.

எங்கள் வட்டம் மாதம் ஒரு ஞாயிறு மதியம் சர்ச் ஹாலில் படம் போடும். அதற்கு நான்கு விதிகள், நான்கும் நான் போட்டவை. படத்துக்கு முன்னால் விளக்கம் சொல்லக்கூடாது. ஓடும்போது பேசக்கூடாது. ஹாலுக்குள் எதையும் தின்னக்கூடாது. புரியவில்லை என்று எழுந்து போகக்கூடாது. லூர்துராஜ் முதல் தடவை வந்தது மழைக்கு ஒதுங்கத்தான். அன்றைய படத்தில் ஓர் ஆள் ஒன்றரை மணி நேரம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான், அவ்வளவுதான் கதை. எங்கள் உறுப்பினர்களிலேயே இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். சொட்டச் சொட்ட ரெயின்கோட்டோடு வந்தவர் கடைசி வரை அசையாமல் பார்த்தார். அடுத்த மாதமும் வந்தார். மூன்றாவது மாதம் புரொஜெக்டர் வயர் அவர் கைக்குப் போய்விட்டது.

எனக்கும் அவருக்கும் சண்டை தொடங்கியது என் கட்டுரையால். சினிமா ஏன் கலை, வீடியோ கேம் ஏன் கலையாகாது என்று நீட்டி முழக்கி எழுதி, வட்டத்தில் வாசித்தேன். ஜெயிக்க முடிகிற எதுவும் கலையாகாது என்பது என் வாதம். எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது, இரண்டு தடவை படித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் லூர்துராஜ் எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், எங்கம்மா சினிமாக் கொட்டகைப் பக்கம் போறதே பாவம்னு சொல்லும். நான் திருட்டுத்தனமா பாத்துட்டு வந்து சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கறேன். இப்ப சர்ச் ஹால்லயே படம் ஓடுது. எப்ப இருந்துங்க அது கலையாச்சு?"

ஹாலே சிரித்தது. காலம் ஆக ஆகத்தான் ஒரு கலை வடிவம் முதிர்ச்சி அடையும் என்று நான் ஏதோ சமாளித்தேன். "அப்பச் சரிங்க, காத்திருக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் எத்தனையோ வருடம், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே அந்த வாதத்தைத் தொடர்ந்தோம். ஒரு தடவைகூட அவர் குரலை உயர்த்தியதில்லை. நான் உயர்த்தாத தடவை இல்லை. வட்டத்தில் ஒரு கேமைப் போட்டுக் காட்டலாமா என்று அவ்வப்போது கேட்பார். நான் இருக்கும்வரை நடக்காது என்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாகச் சீரழிவதைத் தினமும் பார்க்கிற எரிச்சலை இந்த மனிதர்மேல் காட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருடம் ஒரு ஞாயிறு, வரவேண்டிய படம் வரவில்லை. இருபது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நான் தலையாட்டினேன். லூர்துராஜ் தன் மடிக்கணினியை எடுத்து மாட்டினார். ஒரு கேமைப் போட்டு, அதன் முகப்பையெல்லாம் தாண்டி, ஆட்டம் தொடங்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். விளையாட உதவும் கைக்கருவியை முன்வரிசை மேஜைமேல் வைத்தார். விளக்கம் சொல்லக்கூடாது என்பது விதி அல்லவா, வாயைத் திறக்காமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் ஒரு மலையடிவாரம். தூறல். தோளில் பையோடு தபால்காரப் பெண் ஒருத்தி நிற்கிறாள். மூச்சு விடுகிறாள். மரக்கிளை ஆடுகிறது. மறுபடி மூச்சு விடுகிறாள். நாங்கள் பார்த்தோம். ஐந்து நிமிடம் பார்த்தோம், பத்து நிமிடம் பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை, எழுந்து போகவில்லை. சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பெள்ளி சார் நோட்டை எடுத்து 'காத்திருப்பே இதன் கதை' என்று எழுதினார். நானோ அந்த மூச்சு மலையின் மூச்சு என்று மனதுக்குள் ஒரு பத்தியே எழுதி முடித்துவிட்டேன். கால் மணி நேரம் ஆனதும் பின்னாலிருந்து லூர்துராஜ் செருமினார். விதியை மீறுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"யாராச்சும் பட்டனை அமுத்துனாத்தான் அந்தப் பொண்ணு நடக்குமுங்க."

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் அந்த ஹால் கண்டதில்லை. பெள்ளி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நாங்கள் யார் முதலில் எடுப்பது என்று தயங்குகிறோம் என்று நினைத்து லூர்துராஜ் பொறுமையாக இருந்திருக்கிறார். அந்தக் கால் மணி நேரம் தன்னை யாரும் கேலி செய்யவில்லை என்பதில் அவருக்குப் பெரிய சந்தோஷம். "எதைப் போட்டாலும் மரியாதையாப் பாக்கறீங்க பாருங்க" என்றார்.

கருவியை என் கையில் திணித்தார்கள். தபால்காரப் பெண் மலை ஏறி ஏழு வீடுகளுக்கு ஏழு கடிதம் கொடுக்க வேண்டும். சண்டை இல்லை, புள்ளிகள் இல்லை. ஏறுவது, வழி தேடுவது, கதவைத் தட்டுவது. ஒன்றே ஒன்று: வேண்டுமென்றால் கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாம். பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பிரிக்காதே என்றும் யாரும் சொல்லவில்லை. பாதியில் எல்லோரும் டீக்கும் வர்க்கி பிஸ்கட்டுக்கும் வெளியே போனார்கள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். மலையுச்சியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு வந்த கடிதம் பையில் இருந்தது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பிரித்தேன். பெரிய ரகசியம் எதுவும் அதில் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மகன் கேட்டிருந்தான். திரும்ப ஒட்டிப் பையில் வைத்தேன். உறையின் ஓரம் சற்று மடங்கியே இருந்தது.

டீ குடித்துவிட்டு எல்லோரும் வந்தபின் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா கடிதத்தை வாங்கினாள், உறையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தபால்காரப் பெண்ணைத்தான் பார்த்தாள், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் இந்தம்மா இப்படி என்று யாரோ கேட்டார்கள். கதையே அப்படித்தான் போலிருக்கிறது என்றேன். சொல்லும்போது என் காது சூடானது. லூர்துராஜ் என்னைப் பார்த்தார், பிறகு வயரைச் சுருட்டப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. இல்லாத ஒரு கிழவி, இல்லாத ஒரு மகன், இல்லாத ஒரு கடிதம். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்கிறவள் நான். லூர்துராஜ் கூப்பிடட்டும் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை. மறுநாளிலிருந்து நானே கூப்பிட்டேன்; அவலாஞ்சியில் சிக்னல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மதிய இடைவேளையில், பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்று கூப்பிட்டபோது எடுத்தார். பிரித்தது நான்தான், எல்லோர் முன்னாலும் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியுமுங்க டீச்சர்" என்றார். "பிரிக்காம இருந்தா அந்தம்மா உள்ள கூப்பிட்டு டீ குடுக்கும். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எத்தனையோ படம் பாத்திருக்கறீங்க. ஏதாச்சும் ஒரு படத்தப் பாத்துட்டு, மூணு நாள் கழிச்சு யாருக்காச்சும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கறீங்களா?"

மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். என் கட்டுரை, இரண்டு தடவை படித்த அந்த வரி, அத்தனை வருட வாதம் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்தது. தோற்றுப்போனதில் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, பிரித்ததையும் பொய் சொன்னதையும் சொன்னேன். கேம் கலைதான், சினிமாவைவிடவும் மேலான கலையாக இருக்கலாம் என்று ஒரு படி மேலேயும் போனேன். லூர்துராஜ் பதறிவிட்டார். அதெல்லாம் அதிகம், கேமில் பாதி குப்பை என்றார். சினிமாவிலும் பாதி குப்பைதான் என்று உடனே சேர்த்துக்கொண்டார். அவர் அப்பா இறந்த வருடம் நாங்கள் ஒரு படம் போட்டிருந்தோம். அதில் ஒரு கிழவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார், மகன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். அதைப் பற்றி லூர்துராஜ் இந்தக் கூட்டத்தில் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

"கேம்ல நாம ஏதாச்சும் செஞ்சுட்டே இருக்கோணும். அந்தப் படத்துல ஒண்ணும் பண்ண முடியாம பாத்துட்டு இருந்தேனுங்க. எங்கப்பாகிட்டயும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். அதுவும் வேணும் டீச்சர், ரெண்டும் வேணும்."

கலையைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டத்தில் கேம் போட்டோம். அந்த ஒரு வருடம் எங்கள் கூட்டங்களில் இருந்த கலகலப்பு முன்பு இருந்ததில்லை. பெள்ளி சார் எந்தக் கதாபாத்திரத்தையும் முதல் பள்ளத்திலேயே தள்ளிக் கொன்றுவிடுவார், அதற்காகவே ஆள் வந்தார்கள்.

அடக்கம் கீழ் கோத்தகிரியில் நடந்தது. நேற்று ஜெபத்துக்குக் குன்னூர் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் கிளம்பியபின் ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அந்தக் கடிதக் கதையைச் சொல்லி, லூர்துராஜ் எவ்வளவு பெருந்தன்மையாக என் பொய்யை மறைத்தார் என்று சொல்லிக் கண்கலங்கினேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"டீச்சர், நீங்க ஒண்ணைத்தானுங்க பிரிச்சீங்க. அவரு மொதத் தடவை ஆடறப்ப ஏழு லெட்டரையும் பிரிச்சுப் படிச்சுட்டாரு. ஏழு ஊட்டுலயும் கதவைச் சாத்திட்டாங்கன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தாரு. டீச்சர் ஒரு லெட்டருக்கே போன் போட்டுக் கேட்டுட்டாங்க, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஏழு லெட்டரைச் சொல்றதுன்னு உங்ககிட்ட சொல்லவே இல்லைங்க."

துக்க வீடு என்பதை மறந்து சிரித்துவிட்டேன். ஜெசிந்தாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே இருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அப்படியே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

லூர்துராஜிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள நிறைய இருக்கிறது: குரல் உயர்த்தாத வாதம், ஜெயித்த பிறகும் எதிராளிக்குப் பாதியைத் திருப்பிக் கொடுத்த பண்பு. ஆனால் மற்றவற்றை விட்டுக்கொடுத்தாலும் இதை விடமாட்டேன். கேமெல்லாம் கலையா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் கட்டுரை எழுத மாட்டேன். இல்லாத ஏழு பேரின் கடிதங்களைப் பிரித்துவிட்டு, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே இருந்த ஒரு நல்ல மனிதரை எனக்குத் தெரியும் என்பேன்.