வாயில் நான்கு மூடிகள்

முன்சக்கரத்து வால்வு மூடியைத் திருகி எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார் என் ஓட்டுநர் மொஹாபி. ஏற்கெனவே மூன்று உள்ளே கிடக்கின்றன; கன்னம் உப்பியிருக்கிறது. காற்று பார்த்து முடிக்கும்வரை இனிப் பேச்சில்லை.

எங்கள் மொக்கோட்லாங் மலையில் மே மாதம் பிறந்தால் குளிர்காலம், புல்லெல்லாம் உறைபனி வெள்ளை. விரல் மரத்துப்போகும். நழுவிய மூடி பனியோடு பனி. "வாய்தான் பத்திரம் மொதலாளி. ஒரே ஒருவாட்டி சிரிச்சு ஒண்ண முழுங்கிட்டேன்" என்பார்.

ஆடு மேய்த்து நான்கு வேன் வாங்கியவன் நான். சாவியை எவனிடமும் நீட்டிவிட மாட்டேன். மொஹாபியைத் தேர்ந்தெடுத்தது என் கண். காலை வெயில் ஒரு பக்கத்து டயரை மட்டும் சூடாக்கிவிடுமென்று, வேனைச் சுவர் நிழலில்தான் நிறுத்துவார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் டயரில் புறங்கை வைப்பார். மற்றவர்கள் சமவெளியில் ஓடிச் சூடேறிய டயரை அளந்து, கூடுதலென்று காற்றை இறக்கிவிடுவார்கள். மலைக்குளிரில் ஓர் இரவு நின்றால் காற்று சுருங்கி, டயர் சொத்தென்று உட்கார்ந்துவிடும்.

இன்று வேன் நிறைந்திருந்தது. முன்னிருக்கையில் மாபொலோகோ அம்மா. கணவாய்க்கு அப்பால் அவர் மகளுக்குப் பிரசவ நேரம். எதிரே, அதே கணவாய்க்குப் போகும் லெபோனாவின் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்யா, டயரோட குடும்பம் நடத்துறியா? எம் பேரப்புள்ள நடந்து வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும்போல!" என்று மாபொலோகோ சன்னல் வழியே கத்தினார்.

"ம்ம்" என்றார் மொஹாபி.

"வாயத் தொறந்து சொல்லேன்!"

"ம்ம்ம்."

வேனே சிரித்தது. லெபோனா தலையை நீட்டினான். "இங்க வாங்கம்மா, கெளம்பிட்டேன்! அவரு தாடையிலயும் காத்தடிச்சு வச்சிருக்காரு!"

மாபொலோகோ மூட்டையோடு இறங்கிவிட்டார். ஒருவர் போனால் வேனே காலியாகும்.

"பொறும்மா, இதோ..." என்றேன். மாபொலோகோ திரும்பிப் பார்க்கவில்லை.

லெபோனாவின் முன்சக்கரத்தருகே நின்றார். டயர் அடியில் பிதுங்கிக் கிடந்தது. காலால் ஓர் அமுக்கு அமுக்கினார்.

"என்னப்பா இது, சாணி மாதிரிப் பரத்திக்கிட்டு ஒக்காந்திருக்கு?"

"ஓடினா சூடாகி எந்திரிச்சிரும்மா!"

"அது எந்திரிக்கும். மலையில வண்டி உருண்டா நான் எந்திரிப்பேனா?"

திரும்பி வந்தார். மொஹாபி நிமிரவில்லை, கடைசிச் சக்கரத்துக்குக் கால்பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். மாபொலோகோ மூட்டையை இருக்கையில் எறிந்துவிட்டு, மொஹாபியின் முகவாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். ஒரு மூடி விழுந்தது. போர்த்தியிருந்த கம்பளியில் துடைத்து, காற்று பார்த்து முடித்த முன்சக்கரத்தின் முன் குந்தி, தானே திருகத் தொடங்கினார்.