காதுக்கு இரண்டு சிரட்டை

சித்தப்பா இறந்ததும் எங்கள் வீட்டில் முதலில் வாயை மூடிக்கொண்டது ரேடியோதான். துட்டி வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று அப்பா அதை ஒரு துண்டில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். பதினாறாம் நாள் விசேஷம் கழியும்வரை அது கீழே இறங்காது. எல்லோரும் சித்தப்பாவுக்காக அழுதார்கள். நானும் அழுதேன். அதில் பாதி ரேடியோவுக்கானது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பசுவந்தனைக்குப் பக்கம், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். பருத்தியும் ஆடும்தான் பிழைப்பு. மழை இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அம்மாவோடு விடியற்காலையில் வேன் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். துட்டிக்காக வேலைக்குப் போகாத அந்த நாட்களில் கை சும்மா இருக்கவில்லை. கிடைத்ததைப் பிரித்துப் பார்க்கும் கை அது. பின்னால் நான் சுற்றித் திரிந்த ஊர்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் இதற்காகவே என்னைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

ரேடியோவோடு ஒற்றைக் காதுக்கான இயர்போன் ஒன்று வந்திருந்தது. சித்தப்பா ஆடு மேய்க்கும்போது அதை மாட்டிக்கொள்வார். ஒருநாள் அவர் கண்ணசந்த நேரத்தில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி ஒயரைத் தின்றுவிட்டது. ரேடியோவில் செருகும் பின் மட்டும் மிஞ்சி மாடக்குழியில் கிடந்தது. அதைச் செருகினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். துட்டியும் கெடாது, பாட்டும் கேட்கலாம். காதில் வைக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

தெரு முனைக்கு வந்த பழைய இரும்புக்காரரிடம் ஓட்டை வாளி ஒன்றைக் கொடுத்தேன். கொடுக்கும் முன்பே கைப்பிடிக் கம்பியைக் கழற்றி வைத்துக்கொண்டேன். பதிலுக்கு அவர் சாக்கிலிருந்து உடைந்த டெலிபோன் ரிசீவர் ஒன்றையும், ஒரு குட்டி ரேடியோவின் கூட்டையும் எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, போன வச்சு யார்கூடப் பேசப் போற?"

"கலெக்டர் கூப்பிடுதேன்னு சொல்லியிருக்காவ அண்ணாச்சி."

"அவிய கூப்பிட்டா நானும் விசாரிச்சேன்னு சொல்லு."

ரிசீவருக்குள் இருந்த காதுத் தகடு ஒரு பக்கத்துக்கு. குட்டி ரேடியோவின் ஸ்பீக்கர் மறுபக்கத்துக்கு. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை ஓட்டுச் சில்லில் தேய்த்து, அவற்றை உள்ளே வைத்து, சுற்றிலும் கொட்டை நீக்கிய பருத்தியை அடைத்தேன். விளிம்பில் பழைய பாவாடைத் துணியை மடித்து, லேபிள் ஒட்டும் பசையால் ஒட்டினேன். வாளிக் கம்பி தலைக்கு மேல் வளைந்து உட்கார்ந்தது. ஒயர், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட சீரியல் பல்பில் மிஞ்சியது. பற்றவைக்க ஈயம் வாங்கவில்லை. ரேடியோக் கூட்டில் பழைய பற்றுகளைச் சுரண்டியெடுத்து, அடுப்பில் பழுத்த ஆணியால் உருக்கினேன். விரல் நுனியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மத்தியானம் எல்லோரும் வெளிப்பந்தலில் இருக்கும்போது பரணில் ஏறி ரேடியோவை எடுத்தேன். வைத்துக் கேட்க அப்பா வராத இடம் வேண்டும். அப்படி ஒன்றுதான் இருந்தது. சித்தி உட்கார்ந்திருந்த உள்ளறை.

புருஷனை இழந்தவள் விசேஷம் வரை மூலையிலேயே இருக்க வேண்டும். துட்டி கேட்க வரும் பெண்கள் உள்ளே வந்து சித்தியைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். சித்தி முதலிலிருந்து சொல்வாள். காய்ச்சல், மறுநாள் வலிப்பு, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வண்டியிலேயே. அவர்கள் எழுந்து போனதும் அடுத்த ஊர்க்காரர்கள் வருவார்கள். மறுபடியும் காய்ச்சலிலிருந்து.

ஆள் இல்லாத இடைவெளியில்தான் நான் போய் உட்கார்ந்தேன். வலது காதில் பாடகர் தூரத்து ஊரிலிருந்து போன் பண்ணுவதுபோல் பாடினார். இடது காதில் பக்கத்தில் நின்று பாடினார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தால், சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி அது?"

"பாட்டு சித்தி. அப்பாட்ட சொல்லிராதீங்க."

"இங்கன கொண்டா."

பறித்து வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைத் தலையில் மாட்டி, முக்காட்டை மேலே இழுத்துவிட்டு, ரேடியோவை மடியில் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

சித்திக்குப் பிள்ளை இல்லை. விசேஷத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டிலேயே இருப்பதா, அண்ணன்மார் கூட்டிக்கொண்டு போவதா என்று பந்தலில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மூலையில் இருப்பவள் சினிமாப் பாட்டுக் கேட்டாள் என்று தெரிந்தால், அந்தப் பேச்சே தேவைப்படாது. ரேடியோவில் பின் வேறு சரியாக நிற்காது. நழுவினால் பாட்டு தெருவரைக்கும் கேட்கும். அதனால் நான் சித்தியை ஒட்டி உட்கார்ந்து, சேலைக்குள் கையை விட்டு, பின்னை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பெத்த பிள்ள மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கா பாரு" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டால் சித்தி பதில் சொல்வதில்லை. காய்ச்சலிலிருந்து வண்டி வரைக்கும் நானே சொல்லிவிடுவேன். நடுவில் சித்தியின் தோள் குலுங்கும். பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கிறதோ என்று நான் நினைத்துக்கொள்வேன். வந்தவர்கள் மனம் நிறைந்து போவார்கள்.

இப்படியே போயிருக்கும், குளத்தூர் அத்தை வராமல் இருந்திருந்தால். அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். சித்தியைக் கட்டிப்பிடித்துத் தலையோடு தலை முட்டி அழுதவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இது என்னட்டி, முக்காட்டுக்குள்ள கொழுக்கட்ட மாதிரி?"

"சித்திக்குக் காதுவலி அத்த. உப்பு ஒத்தடம் வச்சிருக்கு."

"சிரட்டையிலயா?"

"சூடு நிக்கும்லா."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அறையில் இருந்த பெண்களிடம் திரும்பி, அழுது அழுது இவளுக்குக் காது அடைத்துவிட்டது, ஒன்றும் கேட்காது என்று அறிவித்தாள். நான் பிழைத்தேன்.

கேட்காது என்றதும் அவர்கள் கொஞ்ச நேரம் சித்தியிடம் உரக்கப் பேசிப் பார்த்தார்கள். அது அலுத்ததும் சித்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், அவளுக்கு எதிரிலேயே, வெற்றிலையை மடித்துக்கொண்டு.

"காய்ச்சக் கண்டதும் தூத்துக்குடிக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பான். இவ திருநீறு வாங்கப் போயிருக்கா."

"வந்து இத்தன வருசம் ஆச்சு. ஒரு புழு பூச்சி உண்டா?"

"அண்ணன்மாரு வந்து கூட்டிட்டுப் போவட்டும்" என்றாள் அத்தை. "நிலம் எந்தம்பி பேர்ல இருக்கு. இவளுக்கு இங்கன என்ன சோலி?"

எனக்கு அதில் கவனமில்லை. சிரட்டை ஓரத்தில் கசிந்துகொண்டிருந்த மெல்லிய இரைச்சல் நின்றுபோனதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டது. ஒயரை மெதுவாக இழுத்து, கழற்றச் சொல்லி சித்திக்குச் சைகை காட்டினேன். அவள் முக்காட்டுக்குள் இரண்டு கையாலும் சிரட்டைகளைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

பாட்டு போய்விட்டதே என்று தவிக்கிறாள் என நினைத்தேன். ஓடிப்போய் அப்பாவின் டார்ச்சிலிருந்து கட்டைகளை உருவிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காமல் மடிக்குள்ளேயே மாற்றினேன். இரைச்சல் மறுபடி கசிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்தியின் கை ஒன்று கீழே இறங்கி வந்தது. திருகைத் தடவிக் கண்டுபிடித்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை திருப்பி ரேடியோவை நிறுத்தியது. பிறகு அந்தக் கை மேலே போய் மறுபடியும் சிரட்டையின் மேல் அழுந்தியது.

அத்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நான் சித்தியின் முகத்தருகே குனிந்து, "வேற ஸ்டேஷன் வைக்கவா சித்தி?" என்று கேட்டேன். அவள் கண்ணை இறுக மூடி, சிரட்டைகளை இன்னும் அழுத்திக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறேன், பாட்டுக் கேட்கத் தெரியாமல் வெறும் சிரட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று.