தேதி குறித்த வாத்தியார்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத நாற்பது வீடுகளுக்கு நாற்பது அழைப்பிதழ் எழுதி அனுப்பியவன் நான். அச்சடித்ததுகூட இல்லை. கையால், கருநீல மையில், ஓரத்தில் ஒரு மாங்கொத்து வரைந்து, எழுத்துகளை முத்து முத்தாக உருட்டி எழுதினேன். மூன்று நாள் பிடித்தது. அந்த வீடுகளில் பாதிக்கு மேல் தெலுங்கு பேசின. சில வீடுகளில் கன்னடம். தமிழ் பேசிய வீடுகளிலும் அதைப் பேசுவார்களே தவிரப் படிக்கமாட்டார்கள். இது உனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். அவர்கள் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கத்தான் சர்க்கார் எனக்குச் சோறு போட்டது. தெரிந்தேதான் எழுதினேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவனைப் பிடிக்கிற வியாதி அது, ஆயுசுக்கும் விடாது.

அழைப்பிதழ்களின் கதியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டப்பட்டுக் குங்குமமும் வாங்கிக்கொண்டது. மாங்கொத்து மேலே வரவேண்டும் என்று திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் விதைக்கு வைத்த பூசணி விதையை மடித்து எரவாணத்தில் செருகியிருந்தார்கள். மற்ற முப்பத்தெட்டைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. மனிதனுக்குக் கொஞ்சமாவது சுயமரியாதை வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி. சூளகிரிக்குக் கிழக்கே நாலு மைலில் ஒரு ஊர். நான்கு வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு கரும்பலகை. கரும்பலகைக்கும் பாதி கருமை போய்விட்டிருந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியிருந்தவர். அந்த இரண்டு வருஷத்தையும் காற்றோட்டமான மூலையில் உட்கார்ந்தே கழித்துவிடுவது என்ற ஒரே தீர்மானத்தோடு இருந்தார். நான் சேலத்துக்குத் தெற்கேயிருந்து புதிதாக வந்தவன். தெலுங்கில் எனக்கு "ரா", "போ" இரண்டும் தெரியும். அதிலும் மரியாதை எது, அவமரியாதை எது என்பது தெரியாது.

அப்போது ஓசூரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளிகள் வசந்த விழா கொண்டாட வேண்டும், பெற்றோரை அதில் ஈடுபடுத்த வேண்டும், பெற்றோருக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும் என்று இருந்தது. மலர்க் கண்காட்சி, தந்தையருக்கு இசை நாற்காலி, தாய்மாருக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும். வசந்தம் என்று எழுதிய புண்ணியவான் எங்கள் பக்கத்துப் பங்குனியைப் பார்த்திருக்கமாட்டார். கிணற்றில் வாளி கல்லில் மோதுகிற மாதம் அது. ஊரில் ஆண்கள் புளியமரத்தின் மேலே இருப்பார்கள். பெண்கள் அதற்குக் கீழே இருப்பார்கள். மலர் வேண்டுமென்றால் மாமரத்தில் இருக்கிறது, அதைப் பறித்துக் கண்காட்சி வைத்தால் தோப்புக்காரர் என்னைக் கண்காட்சியாக வைத்துவிடுவார். இசை நாற்காலிக்கு எங்களிடம் இருந்தது ஒரே நாற்காலி. அதற்கும் மூன்றரைக் கால்.

தலைமையாசிரியர் சுற்றறிக்கையை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார். தம்பி புதுசு, தம்பிக்குத்தான் இதிலெல்லாம் ருசி என்றார்.

இதில் சிரிக்கமுடியாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்து படிக்கச் சூளகிரிக்கு நடக்கவேண்டும். ஐந்தாம் வகுப்பு கேட்டு எழுதியிருந்தோம். விழாவன்று இன்ஸ்பெக்டர் வருவார். இருபது பெற்றோராவது நேரில் வந்து, பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று கைரேகை வைத்தால் அங்கேயே சிபாரிசு எழுதுவார். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. அடுத்த வருஷம் என்பது எனக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரு தேதி. நான்காம் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு அப்படியில்லை. வாய்ப்பாட்டில் பதினாறை என்னைவிட வேகமாகச் சொல்வாள். மற்றப் பிள்ளைகள் சூளகிரிக்கு நடந்தாலும் நடப்பார்கள், பெண் பிள்ளையை ரோட்டில் நாலு மைல் அனுப்பமுடியாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் மேய்க்க ஆறு ஆடு தயாராக இருந்தது. அவள் அம்மா மட்டும் தினமும் புளிக்குப் போகிற வழியில் பள்ளி வாசலில் நின்று, ஐந்தாவது வந்ததா என்று கேட்டுவிட்டுப் போவார், தபால் வந்ததா என்று கேட்பதுபோல.

தேதி குறிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். காலண்டரைப் பார்த்தேன். யுகாதி சிவப்பில் இருந்தது. மறுநாள் கறுப்பில் இருந்தது. அதையும் தாண்டினால் எல்லாரும் திரும்பப் புளியமரத்தில் ஏறிவிடுவார்கள். யுகாதிக்கு மறுநாள் என்றால் ஊர் முழுக்க வீட்டில் இருக்கும், உடம்பில் புதுத்துணி இருக்கும், மனசில் சந்தோஷம் இருக்கும். இந்த நுட்பம் எனக்கு முன்னால் எந்த வாத்தியாருக்கும் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தலைமையாசிரியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டரிடமிருந்து அன்று வருவதாகப் பதில் வந்தது.

பிள்ளைகளிடம் தேதியைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. உற்சாகம் என்று நினைத்தேன். தமுக்கு அடிப்பவர் இரண்டு தடவை என்னிடம் அந்த நாள்தானா, அந்த நாள்தானா என்று கேட்டுக்கொண்டார். காது மந்தம் என்று நினைத்தேன். அவர் ஊருக்குள் அடித்துச் சொன்னபோது வீட்டுக்கு வீடு சிரிப்பு கேட்டது. விழா களை கட்டிவிட்டது என்று நினைத்தேன். நினைப்பதற்கு என்ன, அதற்கு வரியா கட்டவேண்டும்?

யுகாதிக்கு மூன்று நாள் முன்பு அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்றார். அந்த ஊரில் ஆசிரியரை ஐயவாரு என்பார்கள். வீட்டில் தெலுங்கு பேசினாலும் என்னிடம் இரக்கப்பட்டுத் தமிழில்தான் பேசுவார்.

"ஐயவாரே, அன்னிக்கு யாரும் வரமாட்டாங்க."

"ஏம்மா?"

"வருசத் தொடக்குங்க அது. அன்னிக்கு என்னா செய்யறமோ வருசம் பூரா அதான் செய்வோம். அதிகாரி முன்னால கை கட்டிக்கினு நின்னா வருசம் பூரா கை கட்டிக்கினுதான் நிக்கணும். ரேகை வெச்சா வருசம் பூரா கோர்ட்டுல ரேகை. எவன் வருவான்?"

அன்றைக்குக் கறி சமைப்பார்கள், வயிறாரச் சாப்பிடுவார்கள், யாரையும் திட்டமாட்டார்கள், அழமாட்டார்கள், கேட்டதை இல்லை என்று சொல்லமாட்டார்கள். வருஷம் முழுவதும் அப்படியே இருக்கவேண்டுமே என்றுதான். சர்க்கார் காகிதத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். வருஷத்தின் முன்னூற்றுச் சொச்சம் நாளில், நான் பொறுக்கியெடுத்தது அந்த நாளை.

தேதியை மாற்றலாமா என்று தலைமையாசிரியரிடம் ஓடினேன். அதிகாரி குறித்த தேதியை மாற்றச் சொல்லவேண்டுமானால் பென்ஷன் வேண்டாதவன்தான் சொல்லவேண்டும், தம்பி, என்றார். குறித்தது அதிகாரி இல்லை, நான்தான் என்றேன். அதிகாரி ஒப்புக்கொண்ட பிறகு அது அவர் குறித்ததுதான் என்றார். இதற்குள் அந்த இன்ஸ்பெக்டருக்கும் வீட்டுப் பேச்சு கன்னடம், இந்தப் பக்கத்துக்காரர்தான் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அவருக்கு இந்த நாள் தெரியாதா? தெரியும். வரமுடியாது என்று எழுதினால் காரணம் எழுதவேண்டும். அந்தக் காரணத்தை எழுத அதிகாரிக்கு வெட்கம்.

ஆகவே நான் ஊரைத் திருத்தக் கிளம்பினேன். புளி உலுக்கும் இடத்துக்கே போய், மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்றேன். மரியாதையாகக் கேட்டார்கள். அண்ணாந்து பேசியதில் என் வாயில் ஒரு புளியம்பழமும் விழ இருந்தது. பேசி முடித்ததும் மேல் கிளையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"ஐயவாரே, நீங்க அன்னிக்கு என்னா செய்யப் போறீங்க?"

"கூட்டம் நடத்தப் போறேன்."

"அப்போ வருசம் பூரா கூட்டந்தான்."

மரம் முழுக்கச் சிரித்தது. அவர் சொன்னது அப்படியே பலித்தது என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அந்த வருஷம் மட்டுமில்லை, ஓய்வு பெறுகிற வரைக்கும்.

அந்த நாள் விடிந்தது. பந்தல் போட்டு, தோரணம் கட்டி, எலுமிச்சம்பழங்களை வரிசையாக வைத்து, நான் வாசலில் நின்றேன். ஊர் முழுவதும் கறி மணம். தலைமையாசிரியர் சைவம், மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வசந்தத்தை வரவேற்றார். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். காலியான பந்தலைப் பார்த்தார். புன்னகை செய்தார். மூன்றரைக் கால் நாற்காலி அவரை ஒருபக்கமாகச் சாய்த்தது. அதற்கும் புன்னகை. இவ்வளவு பெரிய மனசா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆளே இல்லாத பந்தலில் எழுந்து நின்று, பழைய பழக்கங்களை உதறித் தள்ளவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அரைமணி நேரம் உபதேசமும் செய்தார். தலைமையாசிரியர் இடையிடையே தலையாட்டினார். நான் கைதட்டினேன். நான் ஒருவனே தட்டியது இப்போதும் என் காதில் கேட்கிறது.

உபதேசம் முடிகிற நேரத்தில் தெருக்கோடியில் பெண்கள் வருவது தெரிந்தது. முன்னால் அந்த அம்மா. பின்னால் முப்பது பேர் இருக்கும், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகளோடு. அழைப்பிதழும் தமுக்கும் பிரசங்கமும் செய்யாததை அவர் மூன்று நாளில் கிணற்றடியிலேயே முடித்துவிட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம்பிக்கை தப்பு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உட்காருகிற பிள்ளை வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உட்காரும். இன்றைக்கு ஆட்டுக்குப் பின்னால் போவது வருஷம் முழுக்க ஆட்டுக்குப் பின்னால் போகும். எது வேண்டுமோ பார்த்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். அவ்வளவுதான். தங்கள் கத்தியாலேயே வெட்டுப்பட்ட ஆண்கள் வாயைத் திறக்கமுடியாமல் வீட்டில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் உட்கார்ந்தார்கள். ரேகைக்கு மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் புரட்டினார். பெற்றோர் என்றால் தகப்பன்மார் வேண்டாமா, பெண்கள் வைக்கிற ரேகைக்கு மேலே கேள்வி வருமே என்று என்னிடம் தமிழில் இழுத்தார். தலைமையாசிரியர், வாஸ்தவம்தான் என்று ஒத்து ஊதினார். எனக்கு நாக்கு எழவில்லை. பிரசங்கம் செய்யத்தான் எழும், இதற்கெல்லாம் எழாது. அந்தப் பெண் முன்வரிசையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டரிடம் அவர் வீட்டுப் பேச்சான கன்னடத்தில், தாழ்ந்த குரலில் ஒன்றைக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டரின் புன்னகை முதல் முறையாக அணைந்தது, ஒரு கணம்தான், அவசரமாக அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். பேனாவைத் திறந்தார். ஐந்தாம் வகுப்புக்குச் சிபாரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு இருபத்தெட்டு ரேகைகள், ஒன்றன் பின் ஒன்றாக. எலுமிச்சம்பழப் பந்தயம் நடக்கவில்லை. கறிக்குப் பிழிய நல்லது என்று போகும்போது ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த விழாவில் சர்க்கார் ஏற்பாடு உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றில்தான்.

அந்த அம்மா கேட்டது என்ன என்று இன்ஸ்பெக்டரின் வண்டிக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். "இன்னிக்குப் போயி இல்லேன்னு சொல்லப் போறீங்களா, சாமி?" என்று கேட்டாராம். அரைமணி நேரம் பழைய பழக்கத்தை உதறச் சொன்ன மனிதர், சாய்ந்த நாற்காலியில் காலையிலிருந்து யாரையும் திட்டாமல் சிரித்துக்கொண்டிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பெரிய மனசு என்று கண் கலங்கியதும் நினைவு வந்தது. வண்டி கிளம்பும்போது, பிற்பகல் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரமுடியுமா என்று அவர் வண்டிக்காரரை இரண்டு முறை கேட்டார்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தோரணத்தை அவிழ்க்கும்போது, மகளைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். வெற்றியில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தோன்றியது. என்ன இருந்தாலும் தேதி என்னுடையதல்லவா? கிட்டே போய், அடுத்த வருஷம் இதைவிடச் சிறப்பாகச் செய்துவிடலாம், பதினைந்து நாள் முன்னாலேயே சிவப்பு மையில் எழுதி வீட்டுக்கு வீடு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன், யாருக்கும் தெரியாமல் போகாது என்றேன். அவர் கட்டைவிரலில் இருந்த மையைத் தோரணத்து மாவிலையில் துடைத்துக்கொண்டார்.

"எழுதறதுக்கு முன்னால கேளுங்க, ஐயவாரே."