ஆம்பளைக் கை

திருத்தணி மலைக்குப் படியேறுகிற பக்கம் எங்கள் வரிசை முழுக்க மொட்டைக் கடைகளும் பூசைச் சாமான் கடைகளும்தான். நான் தேங்காய், சூடம், மொட்டைத் தலைக்குப் பூசுகிற சந்தனம் எல்லாம் விற்கிறேன். பக்கத்துக் கடை கோமளவல்லியின் கடை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கடை அவள் கணவனின் அண்ணன் தணிகைமணி பெயரில் இருக்கிறது. விடிந்தது முதல் குனிந்து குனிந்து தலை மழிக்கிறவள் மட்டும் அவள்.

முன்பு அந்தக் கத்தி அவள் கணவன் முருகவேலிடம் இருந்தது. நல்ல கை. பிறகு நரம்பில் ஏதோ கோளாறு வந்து, வலது கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான். அவனிடமே தொழிலைக் கற்றுக்கொண்டு கோமளவல்லி உட்கார்ந்தாள். முதலில் முடி காணிக்கை தருகிற பெண்கள் மட்டும் அவளிடம் வந்தார்கள். ஒரு கீறல்கூட விழாமல் சீக்கிரம் முடித்து அனுப்புகிறாள் என்று தெரிந்ததும் ஆண்களும் வந்தார்கள்.

வந்தால் சும்மா இருப்பார்களா? ஊரிலுள்ள அத்தனை கேள்வியும் அந்த மணையில் உட்கார்ந்தால்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. "வீட்டுக்காரரு இல்லீங்களா?" இருக்கிறார் என்றால், "இருந்துமா உன்ன அனுப்பறாரு?" அதற்கப்புறம், "பொம்பளைக்குக் கை நடுங்காதா?" அதற்கும் அப்புறம், குரலைத் தாழ்த்தி, "நீங்க அந்த ஆளுங்கதானே?" ஒருவர் ஒரு படி மேலே போய், "கறுப்பா இருந்தாலும் களையாத்தாம்மா இருக்கே" என்று சான்றிதழ் கொடுத்தார். கொடுத்தவரின் முகத்தை நான் பார்த்தேன். அதை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை.

கோமளவல்லி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்வாள். "தலைய ஆட்டாதீங்க, கத்தி பட்டுடும்." கேட்டவர் கப்சிப் ஆகிவிடுவார்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றுக்கு. தலை முழுக்க அவள் விரல் தடவியிருக்கும். அப்போதெல்லாம் ஒன்றுமில்லை. எழுந்து காசு கொடுக்கும்போது மட்டும் சிலருக்குக் கை ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். அங்கிருந்து போடுவார்கள், விரல் படாமல். அவளும் உள்ளங்கையை விரித்து ஏந்திக்கொள்வாள்.

போன கிருத்திகையன்று பள்ளிப்பட்டிலிருந்து வேதாசலம் வந்தார். விசைத்தறி வைத்திருக்கிற ஆள். ஒரு வேன் நிறைய சொந்தம். மகள் ஹேமாவதியின் முதல் குழந்தைக்கு மொட்டை, கூடவே பெரியவர்களுக்கும். குழந்தையை மாமன் மடியில் உட்காரவைத்தாயிற்று. கோமளவல்லி புது பிளேடு மாட்டிக்கொண்டு வந்ததும் வேதாசலம் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னாம்மா இது? தலைச்சன் புள்ள. ஆம்பளைக் கைதான் படணும். ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

தணிகைமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே அவர், "இப்படியே பார்ட்டி திரும்பிப் போய்க்கினு இருந்தா பொன்பாடிலேர்ந்து ஒரு ஆள உக்கார வெச்சுடுவேன்" என்று அவளை மிரட்டிக்கொண்டிருந்தவர். இப்போது ஒரு வேன் மொட்டை கையை விட்டுப் போகப் பார்க்கிறது. ஓரமாக உட்கார்ந்திருந்த தம்பியை எழுப்பினார். "முருகவேலு, வாடா. நீயே ஆரம்பிச்சு வை."

"அண்ணா, என் கை..."

"எல்லாம் சரியா வரும், வாடா."

அவன் கை ஆடுவதை வேதாசலம் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, "பரவால்ல, சாமி பேரச் சொல்லிப் பண்ணுப்பா" என்றார். ஆடுகிற கை பரவாயில்லையாம், ஆடாத கை ஆகாதாம். இவர்களையெல்லாம் என்ன சொல்லித் திட்டுவது?

இரண்டாவது இழுப்பிலேயே காதுக்கு மேல் கீறி ரத்தம் வந்துவிட்டது. குழந்தை வீறிட்டது. முருகவேல் கத்தியைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். உடனே கூட்டத்தில் ஒரு அம்மாள், "அந்தப் பொம்பளை எதுர்ல நின்னா வேற எப்படி ஆவும்?" என்றாள். சொன்னவளும் ஒரு பொம்பளை.

கோமளவல்லி படிகாரத்தை நனைத்துக் காயத்தில் அழுத்தினாள். ஹேமாவதி அழுதுகொண்டே, "நைனா, போதும் நைனா. அந்தக்காவே பண்ணட்டும்" என்றாள். அரைகுறையாக மழித்த தலையோடு மலை ஏற முடியாது. வேதாசலம் யோசித்தார். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்கள்.

"சரி, அந்தம்மா பண்ணட்டும். ஆனா அவங்க வீட்டுக்காரரு கை அவங்க கை மேல இருக்கணும். அப்போ ஆம்பளை பண்ண மாதிரிதானே?"

தணிகைமணி தலையாட்டினார். முருகவேல் மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் மணிக்கட்டின்மேல் கையை வைத்தான். அவன் கை உதற, அந்த உதறலைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மழித்தாள். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. வேறு கீறல் விழவில்லை. முடிந்ததும் வேதாசலம் தாம்பாளத்தில் வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்து முருகவேலிடம் நீட்டி, "என்ன இருந்தாலும் ஆம்பளைக் கை ஆம்பளைக் கைதான்" என்றார். சந்தனம் என்னிடம்தான் வாங்கினார்கள். குழைத்துக் கொடுத்தேன். வாயைத் திறந்திருந்தால் தாம்பாளம் பறந்திருக்கும்.

மறுநாள் காலையில் தணிகைமணி உற்சாகமாக வந்தார்.

"கோமளா, நேத்து பண்ண மாதிரியே பண்ணிடலாம். தலைச்சன் மொட்டைன்னு வந்தா அவன் பின்னாடி உக்காந்து கை வெச்சுக்கட்டும். பார்ட்டி திரும்பிப் போவாது. இஷ்டம் இல்லேன்னா சொல்லு, பொன்பாடி ஆளு இன்னிக்கே வந்துடுவான்."

கோமளவல்லி புது பிளேடு மாட்டினாள். கத்தியைக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் புரியாமல் வாங்கிக்கொண்டான். அது அவன் விரல்களுக்கிடையே ஆடிக்கொண்டிருந்தது.

"சரிங்க மாமா. மொதல்ல நீங்க உக்காருங்க. ஆம்பளைக் கைதானே?"

தணிகைமணி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கை தானாக மை பூசிய தலைக்குப் போனது.

"இன்னா வெளயாட்டு இது?"

"வெளயாட்டு இல்ல மாமா. ஒரு வயசுக் கொழந்தைய உக்கார வெச்சீங்களே."

நான் கடையிலிருந்தே குரல் கொடுத்தேன். "உக்காருங்கண்ணே, சந்தனம் நான் சும்மாவே தரேன்!" எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க யாராச்சும் வரீங்களா?" சிரிப்பு நின்றது. ஒருவன் கிளாஸுக்குள் எதையோ தேடினான்.

முருகவேல் சுற்றிலும் எல்லோரையும் பார்த்தான். பிறகு கத்தியை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தான்.

"ஒருத்தனும் வரமாட்டான் கோமளா, நீ உக்காரு" என்றான். "அண்ணா, பொன்பாடி ஆளுக்கு போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடு."