மூன்றாவது பாட்டில் ஒரு கரகரப்பு

போன புதன்கிழமை மும்பை செம்பூரில் ஒரு காபி ஷாப்பில் என் மானம் போயிற்று.

பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். அரை மணி நேரம் கழித்து வரச் சொன்னார்கள். எதிரே புதிதாக ஒரு காபி ஷாப். நம் ஃபில்டர் காபியையே கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இத்தாலியப் பெயர் வைத்துக் கொடுக்கிற வகை. உட்கார்ந்தேன். மெலிசாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நிதானமான டிரம்ஸ்... கீழே உறுமிக்கொண்டே வரும் பேஸ்... அதன்மேல் ஒரு பெண் குரல், பாதித் தூக்கத்தில் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல.

அட, நம்ம ஆல்பம்!

இந்த வகை இசைக்கு டிரிப்-ஹாப் என்று பெயர். தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் கிளம்பியது. ஹிப்-ஹாப்பின் தாளத்தை எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கொஞ்சம் சோகத்தையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் வரும். ஆல்பத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் ‘இதெல்லாம் ஒரு ஆல்பமா, நான் சொல்கிறேன் பாருங்கள்’ என்று எனக்கு மெயில் போடுவீர்கள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது ஆரம்பித்ததும் கரகரவென்று ஒரு சத்தம், பழைய கிராமபோன் ரிக்கார்டில் முள் உரசுகிற மாதிரி.

எழுந்து கவுன்ட்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

“ஸ்பீக்கர்ல ஏதோ லூஸ் கனெக்‌ஷன் போல இருக்கேம்மா?”

அவள் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அங்கிள், அது பாட்டுலயே இருக்கு. வேணும்னே வெச்சிருக்காங்க.”

“வேணும்னேவா?”

“ஆமா அங்கிள். பழைய ரிக்கார்டுலேர்ந்து எடுத்துப் போட்டிருக்காங்க. அதுதான் இதுல மஜாவே!”

காபி ஆறிப்போனது. பல் வலி சுத்தமாக மறந்துபோனது. ஏன் தெரியுமா? அந்தக் கரகரப்புக்காக நான் ஒரு நண்பனை இழந்திருக்கிறேன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால்.

அவன் பெயர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் தோல் பை தைக்கிற தொழில். கீழே பட்டறை, மேலே வீடு. நான் மாட்டுங்காக்காரன். அப்பா ஆபீஸ், தாத்தா ஆபீஸ், வீட்டில் ரிக்கார்ட் பிளேயர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே காலேஜில் பிசிக்ஸ் படித்தோம். படித்ததைவிடப் பாட்டுக் கேட்டதுதான் அதிகம்.

இந்த ஆல்பம் முதலில் எங்களுக்குக் கேசட்டில்தான் வந்தது. சீனியர் ஒருவரிடமிருந்து காப்பியின் காப்பி. கேசட் முழுக்க ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். அந்த இரைச்சலில் வேறு எந்தச் சின்னச் சத்தமும் காதில் விழாது. ஆனாலும் பைத்தியமாகக் கேட்டோம். ஹார்பர் லைன் ரயிலில் கதவோரம் நின்றபடி ஆளுக்கு ஒரு இயர்போனை மாட்டிக்கொண்டு வாஷி வரை சும்மா போய்விட்டுத் திரும்புவோம். பாலத்தில் ரயில் ஏறும்போது எழும் தடதட சத்தமும் அந்த பேஸும் ஒன்றாகிவிடும்... அடடா!

கடைசி வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து ஃபோர்ட்டில் ஒரு கடையில் அதன் ஒரிஜினல் சி.டி. வாங்கினோம். ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம் என்று ஏற்பாடு. காசு சுண்டிப் பார்த்ததில் முதல் வாரம் அவனுக்குப் போனது.

அடுத்த திங்கட்கிழமை மாட்டுங்கா ஸ்டேஷனில் கொடுத்தான். சும்மா கொடுக்கவில்லை. மெத்தென்ற தோலில் சின்னதாக ஒரு உறை தைத்து, உள்ளே வெல்வெட் லைனிங் வைத்து, அதற்குள் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு ஓடினேன். போட்டேன். மூன்றாவது பாட்டு வந்தது.

கரகர... கரகர...

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! மறுநாள் காலேஜ் கேன்டீனில், நாலு பேர் இருக்கிறபோதே பிடித்துக்கொண்டேன்.

“டேய், ஒரே வாரத்துல கீறல் போட்டுட்டியேடா!”

“ஏல, நான் தொட்டதே ஓரத்தப் பிடிச்சுதான். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு. வாங்கும்போதே அப்படித்தான் இருந்துருக்கும்.”

“ஒரிஜினல் சி.டி.டா. அதெல்லாம் இருக்காது. உங்க வீட்ல வெச்சா இப்படித்தான் ஆகும்.”

சொல்லிவிட்டேன். அவன் வீட்டின் தோல் தூசு, பசை வாடை, ஒரே அறையில் ஏழு பேர் என்று எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவனுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. கேன்டீனில் யாரோ சிரித்தார்கள். இசக்கி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். “நீயே வெச்சுக்கோ” என்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவே இல்லை.

நானாவது போய்ப் பேசியிருக்கலாமே? வீம்பு! அந்த சி.டி.யை மறுபடி போடக்கூட இல்லை. உறையோடு பரணில் ஏற்றினேன். கேசட் பிளேயர் உயிரோடு இருந்தவரை கேசட்டைக் கேட்டேன். அதுவும் செத்த பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். செல்போனில் தேடினால் அரை நிமிஷத்தில் கிடைத்திருக்கும். தேடினால் அவன் முகம் ஞாபகம் வரும் என்பதால் தேடவில்லை.

அன்று பல் டாக்டரிடம் போகாமல் நேராக வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு ஸாரி சொல்ல இருபத்தேழு வருஷமா?” என்றாள். “பேசாம நாளைக்கே போய்ட்டு வாங்கோ. அவர் மன்னிச்சா எனக்கு ஒரு ஹேண்ட்பேக் பார்த்துண்டு வாங்கோ. மன்னிக்கலேன்னா கேக்க வேண்டாம்.”

உறை கிடைத்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. சி.டி.யை எடுத்து டியூப் லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. என் முகம்தான் பளிச்சென்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை சயானுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து தாராவிக்கு நடந்தேன். அதே சந்து, அதே பட்டறை. இப்போது உள்ளே ஏழெட்டுத் தையல் மெஷின்கள். வாசலில் கண்ணாடி போட்ட கடை. கல்லாவில் இசக்கி. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

“வா ரமணி. உக்காரு.”

நேற்றுத்தான் பார்த்த மாதிரி சொன்னான்.  உள்ளேயிருந்து மெலிசாகப் பாட்டுச் சத்தம். வேறு ஆல்பம், ஆனால் அதே நிதானமான டிரம்ஸ், உறுமுகிற பேஸ்... இங்கேயுமா?

“இன்னும் இதெல்லாம் கேக்கறியா?”

“பின்ன? மெஷினுக்கு இந்த ஸ்பீடுதான் தோது. சினிமாக் குத்துப்பாட்டப் போட்டா நம்ம ஆளுக தையலக் கோணலா அடிச்சிருதானுவ.”

இந்தப் பழைய ஆல்பங்கள் ஏன் சாகவே மாட்டேன் என்கின்றன என்று இசை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். காபி ஷாப் பெண்ணிடமும் அன்று பில் கொடுக்கும்போது கேட்டேன். ‘காலைலேர்ந்து ஹார்ன், டிரில்லிங், லோக்கல் டிரெயின்... இதப் போட்டா மண்டைக்குள்ள எல்லாம் அடங்கிடுது அங்கிள்’ என்றாள். அவள் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டு! எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இவை வந்த நாளிலேயே தூசு படிந்துதான் வந்தன. ஏற்கெனவே கொஞ்சம் பழையதாக இருப்பதை இனி யார் பழசாக்க முடியும்? அன்றைக்குப் பளபளவென்று வந்த பாட்டுகளில் எத்தனை இன்று காதில் நிற்கின்றன, சொல்லுங்கள்?

சரி, வந்த வேலைக்கு வருகிறேன். உறையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இசக்கி... அதுல கீறலே இல்லடா. அந்தச் சத்தம் பாட்டுலயே இருக்கு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அடுத்த வருசமே தெரியும். எங்கண்ணன் துபாய்ல இருந்து இன்னொண்ணு கொண்டாந்தான். அதுலயும் அதே எடத்துல கரகரன்னுச்சு. ஏல, சி.டி.ல கீறல் விழுந்தா பாட்டு தாவும், இல்ல நின்னுரும். ரிக்கார்டு கணக்கா கரகரங்காது. பிசிக்ஸ் படிச்ச பய, உனக்கு அதுகூடத் தெரியலயே!”

“உனக்கும் அன்னிக்குத் தெரியலயேடா!”

“எனக்கும்தான்” என்றான். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

“அப்ப ஏன்டா வந்து சொல்லல?”

அவன் உறையைக் கையில் எடுத்து ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

“சொன்னா என்ன ஆயிருக்கும்? சி.டி.ல கீறல் இல்லன்னு ஆயிருக்கும். நீ எங்க வீட்டச் சொன்னதுக்கு என்ன செய்ய?”

 பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் தயார் செய்து வந்த வசனமெல்லாம் எங்கே போயிற்றோ.

“தப்புடா. அன்னிக்கு நான் சொன்னது ரொம்பப் பெரிய தப்பு. சொல்லும்போதே எனக்குத் தெரியும். மன்னிச்சுடு.”

அவன் உள்ளே திரும்பி ஒரு பையனைக் கூப்பிட்டான். அரை கிளாஸ் டீயான கட்டிங் சாய் இரண்டு சொல்லி அனுப்பினான். பிறகு சி.டி.யை ஓரத்தைப் பிடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. எங்கள் ஆல்பம் ஆரம்பித்தது.

சாய் வந்தது. குடித்தோம். முதல் பாட்டு ஓடி முடிந்தது. இரண்டாவது பாட்டில் அவன் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்னான். என் அப்பா போனதை நான் சொன்னேன். மூன்றாவது பாட்டு தொடங்கியது.

கரகர... கரகர...

இசக்கி டீ கிளாஸைக் கீழே வைத்தான். காதைச் சாய்த்துக் கேட்டான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“உங்க வீட்ல வெச்சா இப்படித்தாம்ல ஆகும்.”

ஹேண்ட்பேக் கேட்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.