எதிர்வாசல் கழுவும் தீர்த்தகிரி

காலை ஐந்தரைக்கே வாளியும் விளக்குமாறுமாகத் தெருவில் இறங்கிவிடுகிறார் தீர்த்தகிரி. அவர் தேய்ப்பது தன் வாசலை அல்ல, எதிரே ராசம்மாளின் இஸ்திரி வண்டி நிற்கும் இடத்தை. மேலே மின்கம்பியில் மைனாவும் புறாவும் கல்யாணப் பந்தி மாதிரி வரிசைகட்டி உட்கார்ந்து, முந்தின நாள் போட்ட எச்சம் தரையில் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடக்கும். ஏழு மணிக்கு ராசம்மாள் வருவதற்குள் கழுவி முடித்து, வீட்டுக்குள் போய்ச் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

சூரமங்கலத்தில் அந்தத் தெருவே அவரைத் தங்கமான மனுஷன் என்கிறது. பால்காரர் ஒருநாள் நேரிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இவர் துண்டால் முகத்தைத் துடைத்த துடைப்பில் தோலே உரிந்திருக்க வேண்டும். மனைவி கந்தம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஊரே மெச்சுது, நீங்க ஏனுங்க திருடனாட்டம் முழிக்கறீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

முப்பத்து நாலு வருஷம் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், மனு எழுதுவதிலிருந்து அல்ல. சாக்கடை அடைப்பா, தெருவிளக்கா, "எழுத்துல குடுத்துருவமுங்க" என்பார். கூடவே அளவு பிசகாமல் ஒரு வரைபடமும் போட்டு இணைப்பார்.

அந்தக் கம்பி முதலில் இவர் வாசலுக்கு மேல்தான் இருந்தது. கீழே இவருடைய வெள்ளைக் கார். பழைய குறுந்தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டார், மைனாக்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டன. கறுப்புப் பையைக் காக்கை மாதிரி முடிந்து தொங்கவிட்டார், நிஜக் காக்கைகள் துக்கம் விசாரிக்க வந்து இன்னும் கொஞ்சம் எச்சமிட்டுப் போயின. கடைசியில் எழுதினார் மனு. பொதுமக்கள் நலன் கருதிக் கம்பத்தை எதிர்ச்சாரிக்கு மாற்ற வேண்டும். முதல் கையெழுத்தே ராசம்மாளுடையது. "சார் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று படிக்காமலே போட்டுக்கொடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் வண்டி நிற்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு, 'காலி இடம்' என்று அச்சுக் கோத்த மாதிரி எழுதினார் தீர்த்தகிரி. வண்டிக்குக் கதவு எண் கிடையாதே, அதனால் இது பொய்யில்லை என்று தனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மூன்று மாதத்தில் கம்பம் இடம் மாறிவிட்டது. கார் பளபளத்தது. அடுத்த வாரமே, தேய்த்து அடுக்கிய ஒரு பட்டு வேட்டியில் எச்சம் விழுந்தது. வேட்டிக்காரர் நடுத்தெருவில் ராசம்மாளைப் பிடிபிடியென்று பிடித்தார். அவள் தலை குனிந்து நின்றதைத் தீர்த்தகிரி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். வெளியே வரக் கால் வரவில்லை. மறுநாளிலிருந்துதான் இந்தக் கழுவல்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே படியேறி வந்தாள். வண்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டினால் கரிச்சூட்டில் உள்ளே நிற்க முடியவில்லை, கட்டாவிட்டால் துணி பாழாகிறது, பாதிப்பேர் துணி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றாள்.

"நீங்கதானுங்க சார் ஒரு மனு எழுதிக் குடுக்கோணும். உங்களாட்ட மனுசரு எதுத்தாப்புல இருக்கறதுனாலதான் நான் இன்னும் அங்க நிக்கறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. எழுதி வைக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். புதிய மனு, புதிய வரைபடம் போட்டுக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, பழைய கோப்பிலிருந்து நகலை உருவிக்கொண்டு தெருவைக் கடந்து போய், இஸ்திரி மேசையில் விரித்தார்.

"இது நான் வரைஞ்சதும்மா. நீ நிக்கற எடத்தக் காலி எடம்னு எழுதுனவன் நாந்தான். எம்பட காரு அசிங்கமாகுதுன்னு."

ராசம்மாள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவரை ஒருதரம் பார்த்தாள். கையை நீட்டிப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, கட்டத்துக்குள் தன் பெயரை மெல்ல எழுத ஆரம்பித்தாள். காற்றில் தாள் எழும்பியது. தீர்த்தகிரி குனிந்து அதன் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.