லாரி நூலில் என் செருப்பு

எருமப்பட்டிச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பின் வார் அறுந்துபோகிறது. வைகாசி வெயிலில் தார் கொதிக்கிறது. தோழியின் கல்யாண மண்டபத்துக்கு இன்னும் வெகுதூரம். ஸ்பீக்கர் பாட்டு மட்டும் கேட்கிறது. போனை எடுத்து, கடைகளுக்கு நட்சத்திரம் போடும் இணையதளத்தில் ‘செருப்புத் தைக்கும் கடை’ என்று தேடுகிறேன். பக்கத்தில் எதுவும் இல்லையாம். சேலத்து ஷோரூம் ஒன்றைக் காட்டுகிறது. ‘தையல்’ என்று மட்டும் போட்டால் பெங்களூர் பிளவுஸ் கடைகள் வரிசையாக வருகின்றன. எரிச்சலோடு நிமிர்கிறேன். எதிரிலேயே ஒரு பெண் கொட்டகையில் உட்கார்ந்து லாரித் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருக்கிறார்.

செருப்பை நீட்டுகிறேன்.

“ஏனுங்க, இது லாரிக்குத் தைக்கிற நூலுங்க!” என்று சிரிக்கிறார்.

“என் காலும் லாரி மாதிரிதாங்க, ஊர் ஊராச் சுத்துது. தைங்க.”

தடித்த நீல நூலில் வார் இறுகுகிறது.

“இன்னொண்ணையும் கழட்டிக் குடுங்க சாமி. ஒண்ணு மட்டும் லாரி பலத்துல இருந்தா நல்லாவா இருக்கும்?”

கெட்டிமேளத்துக்கு முன்பே மண்டபத்துக்குள் நுழைந்துவிடுகிறேன். சாப்பிட்டு வெளியே வந்தால் வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. ஆளாளுக்குக் குனிந்து தேடுகிறார்கள். நான் தேடவே இல்லை. படியில் நிற்கும்போதே நீல நூல் தெரிகிறது.